சிலம்பு வெறும் சிலம்பாக இருக்கக்கூடாதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும்: செவ்விலக்கியம் எதை எடுத்தாலும் பாத்திரம், முரண், குறியீடு என்று மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் சிலம்பு ஒரு குறியீடு என்கிறார்கள். ஒருவர் கற்பின் குறியீடு என்கிறார், இன்னொருவர் நீதி என்கிறார், மூன்றாமவர் ஊழ் என்கிறார். இதையெல்லாம் இளங்கோ நினைத்துத்தான் எழுதினாரா, இல்லை பின்னால் வந்தவர்கள் ஏற்றிச் சொல்கிறார்களா? மேலே பார்த்தால் இது ஆசிரியரின் மனதைப் பற்றிய கேள்விதான். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறொன்று என்று நினைக்கிறேன். ஒரு விளக்கம் நூலிலிருந்து வந்ததா, விளக்குபவர் கதை அளக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பல வருடம் இலக்கியம் நடத்தியவன் என்ற முறையில் அதற்குப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆசிரியர் மனதை முதலில் ஒதுக்கிவிடலாம். இளங்கோவடிகளைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் அந்த நூலும் அதன் முன்னுரைப் பாடலான பதிகமும் சொல்வதுதான். நூலின் காலத்தையே 2ஆம் நூற்றாண்டு என்பவர்களும் உண்டு, அதற்குச் சில நூற்றாண்டுகள் தள்ளி வைப்பவர்களும் உண்டு. இந்த நிலையில் அவர் மனதுக்குள் புகுந்து பார்ப்பது நடக்காத காரியம். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். நூலின் மூன்று செய்திகளைச் சொல்லும் பதிகம், ‘சூழ்வினைச் சிலம்பு காரணமாக’ என்று சிலம்பையும் அங்கேயே கட்டிவைக்கிறது. பதிகத்தை இளங்கோ பாடவில்லை, பின்னால் சேர்த்தது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்போதும் பழைய வாசகர் ஒருவர் இந்த நூலைப் படித்துவிட்டுச் சிலம்புதான் அச்சாணி என்று கண்டிருக்கிறார் என்றாகிறது. ஆக, சிலம்புக்கு முக்கியத்துவம் கொடுப்பது நோட்ஸ் போடுபவர்களின் கண்டுபிடிப்பு இல்லை.

வகுப்பில் நான் சொல்வது ஒன்றுதான். ஒரு பொருளைப் பார்த்தவுடன் ‘இது எதைக் குறிக்கிறது?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு யார் எதை வேண்டுமானாலும் பதிலாகச் சொல்லலாம், தவறு என்று நிரூபிக்கவும் முடியாது. அதற்குப் பதிலாக, பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, வாங்கியவர் அதை என்ன செய்கிறார், அந்தச் செய்கையால் மோதல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். குறியீடு பொருளுக்குள் ஒளிந்திருக்கும் இரகசியம் இல்லை, பாத்திரங்கள் அதை வைத்துச் செய்யும் காரியங்கள் சேர்ந்து சேர்ந்து உருவாவது. அதனால்தான் பாத்திரம், முரண், குறியீடு என்று மூன்று தனித்தனிப் பத்தி எழுதினால் மூன்றுமே உயிரில்லாமல் கிடக்கின்றன.

சிலம்பையே எடுத்துப் பார்ப்போம். அதன் முக்கியமான முதல் தோற்றம் நான்காவது காதையில் (காதை என்பது நூலின் ஒரு பகுதி), அந்திமாலைச் சிறப்புச் செய் காதையில். கோவலன் மாதவியிடம் போய்விட்டான். கண்ணகி வீட்டில் இருக்கிறாள். ‘அஞ்செஞ் சீறடி அணிசிலம்பு ஒழிய’ என்கிறார் இளங்கோ. அழகிய சிவந்த சிறிய பாதங்களில் சிலம்பு இல்லை. இடையில் மேகலை இல்லை, மார்பில் குங்குமம் எழுதவில்லை என்று வரிசை நீள்கிறது. இந்த இடத்தில் சிலம்பு குறியீடு என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. பிரிந்திருக்கும் மனைவி நகை அணியவில்லை, அவ்வளவுதான். ஆனால் கதையைத் தள்ளப்போகிற அந்தப் பொருளை ‘இல்லை’ என்று சொல்லியே முன்னால் கொண்டுவந்துவிட்டார். சிலம்பு காலில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கழற்றி வைத்ததால்தான் அது பெட்டியில் மிஞ்சியது, பின்னால் கைக்கு வந்தது.

அடுத்தது ஒன்பதாவது காதை. இதற்குள் கடற்கரையில் கோவலனும் மாதவியும் பாடும் கானல்வரி நடந்து முடிந்துவிட்டது. மாதவி யாழில் பாடிய பாட்டைக் கேட்டு, இவள் மனதில் வேறொருவன் இருக்கிறான் என்று கோவலன் முடிவு கட்டி எழுந்து வந்துவிட்டான். ஒரு பாட்டு, ஒரு சந்தேகம், விசாரணை கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். வீட்டுக்கு வந்தவன், முன்னோர் சேர்த்த மலைபோன்ற செல்வத்தைத் தொலைத்துவிட்டேன், இந்த வறுமை எனக்கு வெட்கமாக இருக்கிறது என்கிறான். கண்ணகி முகத்தில் புன்னகையைக் காட்டி ‘சிலம்பு உள கொண்ம்’ என்கிறாள். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிக்குக் கொடுக்கக் காசு இல்லாமல்தான் வாடுகிறான் என்று நினைத்து இப்படிச் சொன்னாள் என்று உரைகளில் ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அந்த விளக்கம் பிடிக்கும். சிலருக்கு அது கண்ணகியைக் கோழையாகக் காட்டுவதாகத் தோன்றும். நான் அப்படிப் பார்க்கவில்லை. கொஞ்சம் முன்னால், தோழி தேவந்தி, குளத்தில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவன் வருவான் என்று சொன்னபோது, அது பெருமை இல்லை என்று ஒரே சொல்லில் மறுத்தவள் இவள். கெஞ்சமாட்டாள், ஆனால் கொடுப்பாள். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் புன்னகை அத்தனை சாதுவாகத் தெரியவில்லை.

கோவலன் பதிலும் கவனிக்க வேண்டியது. இந்தச் சிலம்பை முதலாக வைத்துத் தொலைத்ததையெல்லாம் மதுரைக்குப் போய் ஈட்டப் போகிறேன் என்கிறான். கண்ணகி கொடுத்தது ஒன்று, அவன் வாங்கியது வேறொன்று. அவள் கையில் நகையாக இருந்தது, அவன் கைக்குப் போனதும் வியாபார முதலாகிவிட்டது. அவன் வணிகன், அவன் கண்ணுக்கு அப்படித்தான் படும். முன்பு மாதவியின் மாலையையும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் கொடுத்து வாங்கியவன்தானே. இங்கே ‘கோவலன் பாத்திரப் படைப்பு’ என்று தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை. ஒரு நகையை அவன் எப்படிப் பார்க்கிறான் என்பதே போதும். அதே சமயம் அவனை வெறும் ஊதாரி என்று எழுதிவிடாதீர்கள். அடைக்கலக் காதையில் மாடலன் என்ற அந்தணன் வந்து, யானையின் பிடியிலிருந்து முதியவர் ஒருவரைக் காப்பாற்றியவன், இல்லாதவர்களுக்கு அள்ளிக் கொடுத்தவன் என்று அவனுடைய பழைய நற்செயல்களைச் சொல்கிறான். சாவதற்குச் சற்று முன்னால்தான் இது நமக்குத் தெரிகிறது. இளங்கோ வேண்டுமென்றே தாமதித்தார் என்பது என் ஊகம்.

பதினாறாவது காதையில் ‘சிலம்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் விற்று வருகிறேன், கலங்காதே’ என்று கிளம்புகிறான். ஒன்றை மட்டும் என்பது சாதாரண முன்ஜாக்கிரதையாக இருக்கலாம். ஆனால் கதைக்கு அது உயிர்நாடி. இரண்டையும் கொண்டுபோயிருந்தால் கண்ணகி கையில் சாட்சி இருந்திருக்காது. வழியில் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். அரசியின் சிலம்பைத் திருடியவன் அவன்தான். வேலைப்பாட்டைப் பார்த்ததும் தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. அரசனோ அப்போது வேறு கவலையில் இருக்கிறான். கூத்து மகளிரின் ஆடலில் மன்னன் மயங்கினான் என்று ஊடிய அரசி, தலைவலி என்று சாக்குச் சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்தப் போகும் வழியில் பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டு, என் தேவியின் சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். கானல்வரியில் என்ன நடந்ததோ அதேதான் இங்கேயும். ஒரு ஊடல், ஒரு பேச்சு, விசாரணை கிடையாது. கோவலன் மாதவிக்குச் செய்ததை அரசன் கோவலனுக்குச் செய்கிறான். இந்த இணையை நான் இழுத்துப் பொருத்துவதாக யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன், ஆனால் இரண்டு இடத்திலும் ஊழ்வினையை இளங்கோ அழைக்கிறார் என்பது நூலிலேயே இருக்கிறது.

கொலைக்களத்தில் ஒரு சின்ன விஷயம். காவலர்கள் கோவலனைப் பார்த்துவிட்டு, இவன் தோற்றத்துக்குக் கொலைப்படுகிற ஆள் இல்லை என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களைப் பற்றி ஒரு நீண்ட பிரசங்கம் செய்கிறான். தயக்கம் நீடிக்கும்போதே ‘கல்லாக் களிமகன்’ ஒருவன் வாளை வீசிவிடுகிறான். இத்தனை பேர் பேசுகிறார்கள், கையில் சிலம்பு இருக்கிறது, அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் வெளி வேலைப்பாட்டை மட்டுமே பார்க்கிறார்கள்.

அதைத்தான் இருபதாவது காதையில் கண்ணகி செய்கிறாள். என் சிலம்பின் பரல், அதாவது உள்ளே இருந்து ஒலிக்கும் மணி, மாணிக்கம் என்கிறாள். நல்லது சொன்னாய், எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான் பாண்டியன். கொண்டுவரச் சொல்லி அவனே அவள் முன்னால் வைக்கிறான். இந்த நேர்மையை மறந்துவிட்டுப் பாண்டியனைக் கொடுங்கோலன் என்று எழுதும் விடைத்தாள்கள் எனக்கு அலுத்துவிட்டன. அவள் உடைக்கிறாள். ‘மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே.’ மாணிக்கம் தரையில் உருளவில்லை, அவையில் வேறு யார் மேலும் படவில்லை. கொல்லச் சொன்ன அந்த வாயில் போய்த் தெறிக்கிறது. கதையில் நடந்த ஒரே விசாரணை இதுதான். அரசன் செய்ய வேண்டியதை, புருஷனை இழந்தவள் வந்து செய்து காட்ட வேண்டியிருக்கிறது. அவன் ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்று விழுகிறான். இப்போது சொல்லுங்கள், சிலம்பு எதன் குறியீடு? கற்பு, நீதி, ஊழ் என்று எதைச் சொன்னாலும் கொஞ்சம் பொருந்தும், மீதி வெளியே தொங்கும். கழற்றியது, கொடுத்தது, முதலானது, சாட்சியானது, உடைந்தது என்ற இந்த வரிசைதான் அதன் அர்த்தம். விற்கப் போன பொருள் கடைசிவரை விற்கப்படவே இல்லை.

இந்த முறை சிலம்புக்கு மட்டும்தான் சரிப்படுமா என்றால், இல்லை. ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவில் ஒரு கைக்குட்டை வருகிறது, ஸ்ட்ராபெர்ரி வேலைப்பாடு செய்தது. தாமஸ் ரைமர் என்ற விமர்சகர் 1693இல், இதற்கு ‘கைக்குட்டையின் சோகக் கதை’ என்று பேர் வைத்திருக்கலாமே என்று கிண்டல் செய்தார். மனைவிமார்கள் தங்கள் துணிமணிகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த நாடகம் தரும் படிப்பினை என்றும் நக்கலடித்தார். உங்கள் கேள்வியின் பழைய வடிவம் அது. ஆனால் கைக்குட்டை கீழே விழும் இடத்தைப் பாருங்கள். ஒதெல்லோவுக்குத் தலைவலி. மனைவி டெஸ்டிமோனா அந்தக் கைக்குட்டையால் கட்டிவிடப் போகிறாள். இது சின்னது, போதாது என்று அவன்தான் விலக்குகிறான். அது விழுகிறது, விடு என்கிறான். டெஸ்டிமோனாவின் தோழி எமிலியா எடுக்கிறாள், அவள் கணவனும் நாடகத்தின் வில்லனுமான இயாகோ கைக்குப் போகிறது, பிறகு டெஸ்டிமோனாவின் கள்ளக் காதலன் என்று ஒதெல்லோ சந்தேகப்படும் காசியோவின் அறைக்கு. எந்தத் துணியைத் தன் கையாலேயே தட்டிவிட்டானோ அதையே பின்னால் மனைவியிடம் கேட்டு மிரட்டுகிறான். என் தாய்க்கு எகிப்தியப் பெண் ஒருத்தி கொடுத்த மந்திரத் துணி என்று ஒரு கதை சொல்கிறான், கடைசிக் காட்சியில் என் தந்தை தாய்க்குக் கொடுத்தது என்கிறான். ஷேக்ஸ்பியர் எடுத்தாண்ட சிந்தியோவின் இத்தாலியக் கதையிலும் கைக்குட்டைத் திருட்டு உண்டு. ஆனால் அங்கே வில்லன் தன் குழந்தையை அவள் மடியில் விட்டு அவனே திருடுகிறான். கணவன் தட்டிவிட்டான் என்பது ஷேக்ஸ்பியரின் மாற்றம். மூலத்தோடு ஒப்பிட முடிகிற இடங்களில் ஆசிரியர் எதை யோசித்து மாற்றினார் என்று நம்மால் பார்க்க முடிகிறது. ஆசிரியரின் நோக்கத்துக்கு அருகே போக எனக்குத் தெரிந்த நம்பகமான வழி இது ஒன்றுதான்.

அதே வழியில் காளிதாசனின் சாகுந்தலத்தையும் பார்க்கலாம். நான் இதை மொழிபெயர்ப்பில் படித்தவன், அதனால் நடைபற்றிப் பேசமாட்டேன், கதைப்போக்கை மட்டும் சொல்கிறேன். மகாபாரதத்துச் சகுந்தலை கதையில் மோதிரமும் கிடையாது, துர்வாசர் சாபமும் கிடையாது. துஷ்யந்தனுக்கு அவளை நன்றாக நினைவிருக்கிறது. இருந்தும் சபையில் தெரியாது என்கிறான். வானத்திலிருந்து குரல் வந்த பிறகுதான் ஏற்கிறான். காளிதாசன் சாபத்தையும் மோதிரத்தையும் சேர்த்துவிடுகிறான். மோதிரம் நீரில் விழுகிறது, மீன் விழுங்குகிறது, மீனவன் கையில் கிடைக்கிறது, அதைப் பார்த்ததும் மன்னனுக்கு எல்லாம் திரும்பி வருகிறது. மிக அழகான அமைப்பு. ஆனால் அந்த மோதிரம் செய்யும் வேலை என்ன? அரசனின் குற்றத்தைக் கழுவிவிடுகிறது. அவன் மறுத்தது பொய்யால் இல்லை, மறதியால் என்றாகிவிட்டது. மோதல் இரண்டு மனிதர்களுக்கு நடுவே இருந்தது, இப்போது ஒரு பெண்ணுக்கும் சாபத்துக்கும் நடுவே போய்விட்டது. சிலப்பதிகாரம், சாகுந்தலம் இரண்டிலும் ஒரு நகை, ஒரு அரசவை, நியாயம் கேட்டு வந்த ஒரு பெண். சிலம்பு அரசனைக் காட்டிக்கொடுக்கிறது, மோதிரம் அரசனைக் காப்பாற்றுகிறது. ‘உண்மையின் குறியீடு’ என்று இரண்டுக்கும் ஒரே பட்டம் கொடுத்தால் இந்த வேறுபாடு முழுக்க மறைந்துபோகும்.

வாசகர்கள் ஏற்றிச் சொல்கிறார்களா என்ற உங்கள் சந்தேகத்தை ஒரு நாவலாசிரியர் கதைக்குள்ளேயே வைத்து விளையாடியிருக்கிறார். மெல்வில்லின் மோபி டிக், 1851. வெள்ளைத் திமிங்கிலத்தை முதலில் பார்ப்பவனுக்குப் பரிசு என்று கேப்டன் ஆகாப் பாய்மரத்தில் ஒரு பொற்காசை அறைந்து வைக்கிறான். 99ஆவது அத்தியாயத்தில் கப்பலில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து அதை உற்றுப் பார்க்கிறார்கள். ஆகாப் அதிலுள்ள கோபுரம், எரிமலை, சேவல் எல்லாமே தான்தான் என்கிறான். பக்திமானான ஸ்டார்பக் மூன்று மலைகளில் திரித்துவத்தைக் காண்கிறான். பிளாஸ்க் மட்டும் கணக்குப் போடுகிறான்: பதினாறு டாலர், சுருட்டு ஒன்றுக்கு இரண்டு சென்ட், ஆக 960 சுருட்டு (உண்மையில் 800தான் வரும், நாவலில் இருக்கும் கணக்கு இது). எனக்கு இதில் பிளாஸ்க்கை ரொம்பப் பிடிக்கும். காசுக்கு என்ன அர்த்தம் என்று மெல்வில் சொல்லவே இல்லை, பார்க்கிறவன் யார் என்று மட்டும் சொல்லிவிட்டார். அதனால் ஏற்றிச் சொல்வதே தப்பு என்று நான் நினைக்கவில்லை. பாத்திரங்களே அதைச் செய்கிறார்கள். அவர்கள் ஏற்றுவதைப் படிப்பதுதான் நம் வேலை. நம்முடையதை அதற்கு மேல் ஏற்றும்போதுதான் சிக்கல்.

அப்படி ஏற்றப்பட்டவை எவை என்று நீங்கள் கேட்டால், சிலம்பிலேயே சில சொல்வேன். முத்து கொற்கைக் கடலில் கிடைப்பது, பாண்டியனின் அரச செல்வம், ஆகவே முத்துப் பரல் அரச குலத்தையும் மாணிக்கப் பரல் வணிகக் குலத்தையும் குறிக்கிறது என்ற விளக்கம் எனக்குப் பாதிதான் ஏற்பு. கொற்கை முத்தும் பாண்டியர் தொடர்பும் உறுதியான செய்தி. அதற்கு மேல் குலத்தைக் குறிக்கிறது என்பதற்கு வழக்குரை காதையில் சான்று இல்லை, அங்கே தேவைப்படுவது இரண்டும் வேறு வேறாக இருப்பது மட்டும்தான். மாணிக்கத்தின் சிவப்பு பின்னால் வரும் தீயைக் குறிக்கிறது என்பது இன்னும் பலவீனம். மூன்று காண்டம், மூன்று வேந்தர், மூன்று செய்தி என்று எண்களை வைத்து மாளிகை கட்டுவதும் அப்படியே: முப்பது காதையும் காண்டங்களுக்குள் 10, 13, 7 என்று ஏறுக்குமாறாகத்தான் பிரிந்திருக்கின்றன. கண்ணகி மார்பைத் திருகி எறிவதற்கு மட்டும் நான் விளக்கம் எழுதுவதைத் தவிர்க்கிறேன். தாய்மை, தெய்வ வழிபாடு, தொன்மம் என்று பல திசையில் எழுதியிருக்கிறார்கள். எதையும் ஒதுக்கும் அளவுக்கோ ஏற்கும் அளவுக்கோ நூல் இடம் கொடுக்கவில்லை.

என் முறைக்கும் ஒரு நெருக்கடி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மதுரை எரிந்த பிறகு, மூன்றாவது காண்டமான வஞ்சிக்காண்டத்தில் சிலம்புக்கு வேலை இல்லை. அங்கே கைமாறும் பொருள் கல். சேர மன்னன் செங்குட்டுவன் கண்ணகிக்குச் சிலை செய்ய அதை இமயத்திலிருந்து எடுத்து, தோற்ற வடநாட்டு மன்னர்களான கனகவிசயர் தலையில் ஏற்றி, கங்கையில் நீராட்டிக் கொண்டுவருகிறான். வஞ்சிக்காண்டம் பின்னால் சேர்ந்தது என்று கருதுபவர்களுக்கு இது வசதியான ஆதாரம். நான் அந்த முடிவுக்குப் போகத் தயங்குவதற்குக் காரணம் வாழ்த்துக் காதை. அங்கே செங்குட்டுவனுக்கு வானத்தில் ஒரு பெண் உருவம் மின்னல்போலத் தெரிகிறது. அவன் அதை விவரிக்கும்போது முதலில் சொல்லும் அணி ‘பொன்னஞ் சிலம்பு’. தென்னவன், அதாவது பாண்டியன், குற்றமற்றவன் என்று கண்ணகி சொல்வதும் அதே காதையில்தான். ஒரே கவிஞர் திட்டமிட்டுத் திரும்ப அணிவித்தாரா, பின்னால் வந்தவர் முதல் இரண்டு காண்டத்தையும் நன்றாகப் படித்துவிட்டு எழுதினாரா என்பதை இந்த வரியை வைத்துத் தீர்க்க முடியாது. நீங்கள் எழுதும்போது 4, 9, 16, 20, 29 ஆகிய ஐந்து காதைகளையும் மூலத்தில் வரிசையாகப் படியுங்கள், உரைக்குக் கடைசியில் போகலாம்.